முதலில் தாயிடம் சொல்லுங்கள்

சென்ற வாரம் வேலூரிலிருந்து என் பழைய அலுவலக நண்பர் ஒருவர் போனில் பேசினார். அவருடைய அக்கா மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். சாலை விபத்தில் இடுப்பில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அக்காவுக்கு எண்பது வயது. "சொல்லலாமா, வேண்டாமா? நீங்க இந்த மாதிரி ஒண்ணைப் பார்த்தவர், சொல்லுங்க" என்று கேட்டார்.

"இன்றைக்கே சொல்லிவிடுங்கள்" என்றேன்.

"ஏதாவது ஆகிவிட்டால்?" என்றார்.

"சொல்லாவிட்டாலும் ஆகும்" என்றேன்.

போனை வைத்த பிறகு என் மனைவி, "இவ்வளவு அடித்துச் சொல்லியிருக்க வேண்டாமே" என்றாள். நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த விஷயத்தில் நானே ஒரு தப்பு செய்தவன். அதை எழுதிவிடுவது நல்லது என்று இன்று உட்கார்ந்தேன்.

நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு வழியில் பள்ளிப்படிப்பு முடித்தவன் என்பது என் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். 1954-ல் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனாலும், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு உடனே போய்விடவில்லை. அப்பா காலமானபின் தாய்மாமனை நம்பி ஆரணிக்கு வந்தேன். சர்வீஸ் கமிஷன் தேர்வு எழுதித் தாலுகா அலுவலகத்தில் சேர்ந்தேன். அடங்கலும் சிட்டாவும் எழுதுகிறவனுக்குப் பிரெஞ்சு எதற்கு? முப்பது வருஷத்துக்கு மேல் அது பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய கோட்டு மாதிரி கிடந்தது. ஓய்வு பெற்ற பிறகுதான் அதற்கு ஒரு வேலை வந்தது. அதுவும் ஒரு கெட்ட சேதியைப் படிக்கிற வேலை.

எங்கள் தெருவில் ஒரு பட்டு நெசவுக் குடும்பம் இருக்கிறது. இரண்டு மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். அண்ணன் தம்பிகள் இருவரும் தறியில் இருக்கிறார்கள். ஒரே தங்கை கன்னியர் மடத்தில் சேர்ந்து, நர்ஸ் படிப்பு படித்து, ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு பேசும் நாடு ஒன்றில் மருந்தகம் நடத்தப் போனவர். வருஷங்களுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். வந்தால் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "போன்ழூர் சார்" என்பார். தெருவில் என்னோடு பிரெஞ்சு பேசிய ஒரே ஆள் அவர்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மழை நாள் சாயங்காலம் பெரிய அண்ணன் கையில் போனோடு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "சார், தங்கச்சிக்கு ஆக்சிடென்ட்டாம். மடத்துலேர்ந்து ஒரு காகிதம் வாட்ஸப்புல வந்திருக்கு. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். ஆஸ்பத்திரி அறிக்கை. ஒரு பக்கம்தான். கிராமத்துக்கு மருந்து எடுத்துப்போன வண்டி கவிழ்ந்திருக்கிறது. இடுப்பெலும்பில் முறிவு. வலது கால் நசுங்கியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம். கடைசி வரியில் 'ப்ரோனோஸ்திக் ரெசெர்வே' என்று எழுதியிருந்தது. பிழைப்பாரா என்று இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்று மருத்துவர் எழுதுகிற முறை அது.

நான் முழுவதையும் அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "சார், அம்மா உங்ககிட்ட வந்து கேப்பாங்க. கால் விஷயமும் அந்தக் கடைசி வரியும் வேணாம். கை கால்ல அடி, கட்டு போட்டிருக்காங்கன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

ஒத்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு அப்போது எண்பத்தி மூன்று வயது. மறுநாள் காலையில் வந்தார். அந்தப் போனையே கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, "படி தம்பி" என்றார். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததைப் படித்தேன். 'சின்ன முறிவு, ஓய்வில் இருக்கிறார்' என்றேன். அரசாங்க வேலையில் ஒரு எழுத்தை மாற்றிப் பதிந்தவன் இல்லை நான். அன்றைக்கு ஒரு பக்கத்தையே மாற்றிப் படித்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண்மணி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கால் போனா என்னம்மா, உயிர் இருக்கே" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். தெருவுக்கெல்லாம் தெரிந்திருந்தது. பால்காரருக்குத் தெரியும். பட்டு நூல் கொடுக்கும் முதலாளிக்குத் தெரியும். பெற்றவளுக்கு மட்டும் தெரியாது.

அன்று மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். கத்தவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். "ஏன் தம்பி, காலை எடுத்தது என்னைக்கு?" நான் தேதியைச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அன்னைக்கு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தோம். பிரியாணி போட்டாங்க. நல்லா இருக்குதுன்னு ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கித் தின்னேன். அங்க எம்பொண்ணு காலை அறுக்கிறாங்க, இங்க நான் கேட்டு வாங்கித் திங்கிறேன். எனக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு செபமாலையாவது சொல்லியிருப்பேனே. அதுக்குக்கூட என்னை லாயக்கில்லைன்னு நினைச்சிட்டீங்களே" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

நாம் மறைக்கும்போது அவர்களுக்கு வலிக்கக் கூடாது என்றுதான் மறைக்கிறோம். எண்ணம் நல்லதுதான். ஆனால் நம் வேலூர்ப் பக்கத்தில் வாழ்ந்த ஒரு மருத்துவர் வலியைப் பற்றி வாழ்நாள் முழுக்கச் சொன்னது வேறு. அவர் டாக்டர் பால் பிராண்ட். நம் வயதுக்காரர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியும். 1946 கடைசியில் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து இருபது வருஷம் இருந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்து விரல்களை நிமிர்த்தியவர். கரிகிரி ஆஸ்பத்திரியோடும் அவர் பெயர் சேர்ந்தே இருக்கிறது. தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று அதுவரை எல்லாரும் நம்பினார்கள். அப்படி இல்லை என்றார் அவர். உணர்ச்சி நரம்பு செத்துவிடுவதால் சூடு தெரிவதில்லை, முள் குத்தினால் தெரிவதில்லை, கொப்புளம் உடைந்தாலும் தெரிவதில்லை. தெரியாத காயம் மேல் காயம் பட்டுத்தான் விரல் போகிறது என்று காட்டினார். வலி இல்லாமல் போவதுதான் அந்த நோயின் கொடுமை. குடும்பத்துக்கும் அப்படித்தான் என்று நான் இப்போது நினைக்கிறேன். வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்காமல் செய்துவிட்டால், காயம் வேறு இடத்தில் விழும்.

பால் பிராண்டை நான் இங்கே இழுத்ததற்கு அது மட்டும் காரணம் அல்ல. தூர தேசத்தில் ஊழியம் செய்யப்போனவரின் குடும்பம் என்ன பாடுபடும் என்பதை அவர் இரண்டு தடவை அனுபவித்தவர். ஒரு தடவை பிள்ளையாக இருந்தபோது, இன்னொரு தடவை பெரிய மருத்துவரான பிறகு.

அவர் பிறந்ததே நம் கொல்லிமலையில், 1914-ல். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா எவலின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். கொல்லிமலை மலையாளி மக்களிடையே மருத்துவம், பள்ளிக்கூடம், தோட்டம் என்று வேலை செய்தார்கள். 1923-ல் ஒன்பது வயதுப் பையனான பாலையும், தங்கை கோனியையும் படிப்புக்காக லண்டனில் அத்தைமார் வீட்டில் விட்டுவிட்டு, பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். அப்பா தவறாமல் கடிதம் எழுதுவார். மரம், பூச்சி, பறவை என்று மலையில் பார்த்ததையெல்லாம் எழுதுவார். கப்பல் தபால் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகிற காலம் அது.

1929 ஜூன் 15-ம் தேதி ஜெஸ்ஸி பிராண்ட் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் கொல்லிமலையில் இறந்தார். வயது நாற்பத்தி நான்குதான். லண்டனுக்குத் தந்தி போனது. தந்தி கடலுக்கு அடியில் கம்பி வழியாக ஓடும். கடிதம் கப்பலில் அசைந்து அசைந்து வரும். அதனால் அப்பா இறந்த சேதி வந்த பிறகும், உயிரோடு இருந்தபோது அவர் எழுதிய கடிதங்கள் அந்தப் பையனுக்கு ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பதினைந்து வயதுகூட முடியாத பையன். செத்துப்போன அப்பாவின் கையெழுத்து புதுசாகத் தபாலில் வருகிறது. உறையைப் பிரித்தால், மலையில் இப்படி மழை, அப்படி மரம் என்று பேசுகிறார்.

இதைப் படித்தபோது நான் நினைத்தது ஒன்றுதான். அந்த அத்தைமார், 'பையன் சின்னவன், தாங்க மாட்டான். கடிதம் இன்னும் வந்துகொண்டுதானே இருக்கிறது, அப்பா நன்றாக இருக்கிறார் என்றே நம்பட்டும்' என்று தந்தியை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கலாம். நம்மில் பலர் அதைத்தான் செய்திருப்போம். வசதியாகக் கடிதம் வேறு வந்துகொண்டிருந்தது. அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் பிற்பாடு வந்த அந்தக் கடிதங்கள் அவனுக்கு அப்பா விட்டுப்போன சொத்தாயின. சொல்லாமல் இருந்திருந்தால், உண்மை தெரிந்த அன்றைக்கு அத்தனை கடிதமும் பொய்யாகப் போயிருக்கும்.

இரண்டாவது தடவை அடிபட்டது அம்மா. எவலின் பிராண்ட் கணவர் இறந்த பிறகும் இந்த நாட்டை விடவில்லை. மிஷன் விதிப்படி ஓய்வு பெற வேண்டிய வயது வந்ததும் சட்டப்படி ஓய்வு பெற்றுக்கொண்டு, தன் பொறுப்பில் மறுபடி மலைக்கே போய்விட்டார். அரசாங்க ஊழியனான எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. ஓய்வூதியப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் நாம் வீட்டுக்குத்தான் வருவோம். அவர் மட்டக்குதிரை ஏறி ஊர் ஊராகப் போனார்.

எழுபத்தைந்து வயதில், மலையில் தனியாக இருந்தபோது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரவு முழுக்கத் தரையிலேயே கிடந்திருக்கிறார். காலையில் ஒரு வேலையாள் வந்து பார்த்தார். நான்கு பேர் கயிற்றுக் கட்டில் போல ஒன்றைக் கட்டி, மலைப்பாதையில் சுமந்து கீழே கொண்டுவந்தார்கள். அப்புறம் ஜீப்பில் குண்டும் குழியுமான சாலையில் நூற்றைம்பது மைல் வேலூருக்கு. இடுப்பு முறிந்தவர்களைச் சுமந்து பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட பயணம் என்று தெரியும்.

மகன் உலகம் அறிந்த அறுவை மருத்துவர். எத்தனையோ பேருக்குக் கையை நிமிர்த்தியவர். அவருக்கு அம்மா மேல் கவலை இருக்காதா? நேரில் போய், 'போதும் அம்மா, இனி இறங்கி வந்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருங்கள்' என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பை உபயோகிக்காமல் பத்திரமாக வைத்துக்கொண்டு என்ன பயன் என்பது அவர் கட்சி. மகன் தோற்றுப்போனார். இரண்டு மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு, குதிரையில் ஏற்றிவிட ஆள் வைத்துக்கொண்டு, அதற்கப்புறமும் ஏறக்குறைய இருபது வருஷம் மலையில் இருந்தார். 1974 டிசம்பரில் தொண்ணூற்றி ஐந்தாவது வயதில் இறந்தார். கணவருக்குப் பக்கத்திலேயே கொல்லிமலையில் அடக்கம் செய்தார்கள்.

இதில் நான் கவனிப்பது மகனைத்தான். தாய்க்கு உண்மையைச் சொன்னார். ஆபத்து என்னவென்று மறைக்காமல் சொன்னார். தீர்மானத்தை மட்டும் அம்மாவிடமே விட்டுவிட்டார். உண்மையைச் சொல்வது ஒரு பாதி என்றால், சொன்ன பிறகு அவர்கள் எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுவது மறு பாதி. நாம் மறைப்பதற்குப் பின்னால் பாசம் மட்டுமா இருக்கிறது? வயதானவர்கள் முடிவெடுத்துவிடுவார்களோ என்கிற பயமும் இருக்கிறது. என் நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், எனக்கு இருந்தது.

இதற்கு எதிராகவும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லாச் சேதியையும் எல்லா நேரத்திலும் சொல்லிவிட முடியாது. 2014 ஜூன் 2-ம் தேதி ஆப்கானிஸ்தானில் ஹெராத் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த சேசு சபைக் குருவானவர் அலெக்சிஸ் பிரேம்குமார் கடத்தப்பட்டார். சிவகங்கை மாவட்டம் தேவகோட்டைப் பக்கத்துக்காரர். முன்பு தமிழ்நாட்டில் இலங்கை அகதிகளிடையே வேலை செய்தவர். பத்திரிகையில் நாமெல்லாம் படித்தோம். முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எட்டு மாதமும் இருபது நாளும் அந்தக் குடும்பம் காத்திருந்தது. 2015 பிப்ரவரி 22-ம் தேதி விடுதலையானார். சேதியைப் பிரதமரே அவர் குடும்பத்தாருக்குச் சொன்னார்.

அந்த எட்டு மாதத்தில் அரசாங்கம் எல்லாவற்றையும் வீட்டுக்குச் சொல்லியிருக்க முடியாது. கடத்தினவர்களோடு என்ன பேச்சு நடக்கிறது என்பது வெளியே கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அதேபோல 2016 மார்ச்சில் ஏமனின் ஏடன் நகரில் முதியோர் இல்லத்தில் புகுந்து அன்னை தெரசா சபைச் சகோதரிகள் நால்வரையும் மற்றவர்களையும் சுட்டுக் கொன்றுவிட்டு, கேரளத்துக் குருவானவர் டாம் உழுந்நாலிலைக் கடத்திப்போனார்கள். அவர் 2017 செப்டம்பரில்தான் மீண்டார். ஒன்றரை வருஷம். அங்கேயும் குடும்பத்துக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.

ஆனால் இந்த இரண்டு குடும்பத்திலும் ஒன்றைப் பாருங்கள். 'கடத்தப்பட்டார்' என்பதை யாரும் மறைக்கவில்லை. 'இப்போதைக்கு எங்களுக்குத் தெரியாது', 'தெரிந்தாலும் சொல்ல முடியாத கட்டம்' என்று சொல்வதும் ஓர் உண்மைதான். அதைக் கேட்டுக்கொண்டு மனிதர்கள் காத்திருப்பார்கள். நான் படித்துச் சொன்ன மாதிரி 'சின்ன முறிவு' என்பது அந்த வகை இல்லை. அது பொய். விவரத்தை நிறுத்திவைப்பது வேறு, விஷயத்தையே மாற்றிச் சொல்வது வேறு.

'அதெல்லாம் சரி, நெஞ்சு வலிக்காரர்களிடம் எப்படிச் சொல்வது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காலை வேளையில், சாப்பிட்ட பிறகு, பக்கத்தில் இரண்டு பேர் இருக்கும்போது சொல்லுங்கள். ஒரே மூச்சில் கொட்டாமல், அவர்கள் கேட்கக் கேட்கச் சொல்லுங்கள். சொல்லும் முறையை மாற்றிக்கொள்ளலாம். சொல்வதை மாற்றக் கூடாது. நம் வயதுக்காரர்கள் எத்தனை சாவு பார்த்தவர்கள்! புயல், பஞ்சம், ரேஷன் கடை வரிசை எல்லாம் பார்த்தவர்கள். நம் பிள்ளைகள் நினைக்கிற அளவுக்கு நாம் கண்ணாடிப் பாத்திரம் இல்லை.

இதை எழுதும்போதே, அந்தக் குடும்பம் மற்றபடி எப்படித் தாக்குப்பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். நெசவுக்காரன் வீட்டில் கவலை வந்தால் தறி நின்றுவிடும். தறி நின்றால் கூலி நின்றுவிடும். அப்போது தறி மேல் ஒரு கல்யாணச் சேலை பாதியில் நின்றது. முகூர்த்தத் தேதிக்குக் கொடுத்தாக வேண்டும். முதலாளியிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது. அண்ணன் தம்பி இருவரும் தூதரகம், மடம், மேற்றிராசனம் என்று அலைந்துகொண்டிருந்தார்கள். அப்போது அடுத்த தெருவிலிருந்து ஒரு நெசவாளி, யாரும் கேட்காமல், காலை ஐந்து மணிக்கு வந்து குழியில் இறங்கி உட்கார்ந்தார். அவர் வேறு சாதி, வேறு மதம். பத்து நாளில் அந்தச் சேலையை இறக்கிக் கொடுத்துவிட்டு, கூலியை அப்படியே அந்த வீட்டு அம்மாவின் கையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அந்த வீட்டுக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் அதுதான்.

வாயால் ஆறுதல் சொல்ல வந்தவர்களும் இருந்தார்கள். "பொம்பளைப் புள்ளைய அவ்வளவு தூரம் ஏன் அனுப்பினீங்க?" என்று கேட்டவர்கள் பலர். "ஊர்ல இல்லாத ஏழைங்களா அங்க இருக்காங்க?" என்று கேட்டவர்களும் உண்டு. நான் அந்த மதத்தைச் சேர்ந்தவன் இல்லை. ஊழியம் சரியா தப்பா என்கிற வழக்கு என் மேசைக்கு வந்ததில்லை. ஆனால் துபாய்க்கு வேலைக்குப் போய் அடிபட்டவன் வீட்டில் போய் நாம் அப்படிக் கேட்பதில்லை. சம்பளத்துக்குப் போனால் நியாயம், மனசுக்குப் பிடித்துப் போனால் குற்றமா? நம் பக்கத்துச் சேத்துப்பட்டில் பெரிய கோயில் கட்டிய தர்ராஸ் சாமியாரும் அப்படி வந்தவர்தானே. பிரான்சிலிருந்து இளவயதில் கப்பல் ஏறி, 1916-ல் சேத்துப்பட்டிலேயே இறந்தவர். அவரைப் போல வந்தவர்களின் தாய்மார் அங்கே ஏதோ ஒரு கிராமத்தில் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். இப்போது நம் தாய்மார் நிற்கிறார்கள். காலம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

கிளார்க்காக இருந்தவனின் புத்தி காகிதத்தில்தான் போய் நிற்கும். அந்த நாட்களில் எங்களைத் திணற அடித்தது துக்கம் மட்டும் இல்லை, காகிதமும்தான். பாஸ்போர்ட் எண் யாருக்கும் தெரியாது. காப்பீடு இருக்கிறதா என்று தெரியாது. ரத்த வகை தெரியாது. மடத்துத் தலைவியின் பெயர் தெரியும், போன் எண் தெரியாது. ஆகவே வெளிநாட்டில் யார் இருந்தாலும், ஊழியமோ உத்தியோகமோ, வீட்டில் ஒரு காகித உறை இருக்கட்டும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டின் நகல், விசா நகல், காப்பீட்டு எண், அங்கே பொறுப்பில் இருப்பவர் பெயர், முகவரி, போன், அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் எண், ரத்த வகை, என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்கிற விவரம். உதவி கேட்க வழியும் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' என்கிற இணையதளத்தில் 2015 முதல் இத்தகைய புகார்களைப் பதியலாம். பதிந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேளுங்கள். அரசாங்க அலுவலகத்தில் எண் இல்லாத மனு அநாதை. என் அனுபவத்தில் சொல்கிறேன். துன்பத்தில் இருக்கும் இந்தியர்களுக்கு உதவத் தூதரகங்களில் சமூக நல நிதி என்று ஒன்றும் உண்டு. சென்னையில் அயலகத் தமிழர் நலத்துக்கென்று தனி ஆணையரகமே இருக்கிறது.

ஆட்களை அனுப்புகிற சபைகளுக்கும் மடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சேதியை வாட்ஸப்பில் போடாதீர்கள். ஒருவர் போன் செய்யுங்கள். அதுவும் வீட்டாருக்குத் தெரிந்த மொழியில். தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் பேசட்டும். புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், 'ஒன்றும் இல்லை' என்று சொல்லட்டும். காத்திருக்கிற வீட்டில் போன் மணி அடிக்காத நாள்தான் பெரிய நாள். முக்கியமாக, பெற்றோர் இருந்தால் முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். அண்ணனிடமோ பக்கத்து வீட்டுப் பிரெஞ்சு படித்த கிழவனிடமோ அல்ல.

அந்தச் சகோதரி பிழைத்தார். ஆறு மாதம் கழித்து ஊன்றுகோலோடு ஆரணிக்கு வந்தார். ஒரு வருஷம் இருந்தார். செயற்கைக் கால் பழகினார். பிறகு ஒருநாள் திரும்பிப் போகப்போவதாகச் சொன்னார். அண்ணன்மார் வேண்டாம் என்று அழுதார்கள். சிபாரிசுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கேள்விப்பட்டேன், அந்த அம்மாதான் கடைசியில், "போகட்டும் விடுங்கடா. அவ காலு, அவ முடிவு. ஆனா எது நடந்தாலும் எனக்குத்தான் மொதல்ல சொல்லணும்" என்றாராம். மகள் கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது அந்த அம்மாவுக்குத் தொண்ணூறை நெருங்குகிறது. மகள் தமிழில்தான் பேசுகிறார், என் உதவி தேவையில்லை. ஆனாலும் எப்போதாவது மருந்தகத்திலிருந்து படமும், கீழே பிரெஞ்சில் நான்கு வரியும் வரும். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு என் திண்ணைக்கு வந்துவிடுவார். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவர் ஒன்று சொல்வார். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்கிறார். நானும் தலையாட்டிவிட்டுத்தான் படிக்க ஆரம்பிக்கிறேன்.

"முழுசா படி தம்பி."